பெரியண்ணன் வழியினர்: சேர்வராயன் மலை மக்களின் குலப்பெருமை

கிளியூர் அருவியைக் காண ஏற்காட்டிற்கு வருவோர், அம்மலைவாழ் மக்களின் பெயரைக் கேட்டதும் அவர்களைக் கேரள நாட்டினர் என்று மயங்குவது இன்றும் நிகழ்வதாகும். மலையாளி என்னும் அப்பெயர் இங்கு மொழியைக் குறித்ததன்று. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அமைந்தது. அவர்தம் தாய்மொழி தமிழ். கவுண்டர் என்பது அவர்கள் பெயருக்குப் பின் இடும் பட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இம்மக்களே தமிழகப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுகின்றனர்.

இவர்தம் பெருமிதம் முழுவதும் ஒரு கதையைச் சார்ந்து நிற்கின்றது. பத்துத் தலைமுறைகட்கு முன்னர்த் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து கரிராமன் என்னும் தெய்வத்தைச் சுமந்து வந்தனர் என்பர். வந்தவர் மூவர், உடன்பிறந்தோர். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினர். அதனாலேயே சேர்வராயன் மலையினர் பெரிய மலையாளி எனப்பட்டனர். 1883இல் லெபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல்தொகுதியும் இவ்வழக்காற்றைப் பதிவு செய்துள்ளன. கதை ஊருக்கு ஊர் சற்றே வேறுபடினும் காஞ்சியும் மூன்று அண்ணன்மாரும் மாறுவதில்லை.

இக்கதை வரலாறாகுமா? சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்க்கப்பெற்ற புதிய கற்காலக் கற்கோடரிகள் கிடைத்துள்ளன. (இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான இராபர்ட் புரூஸ் பூட் தம் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டையே இருப்பிடமாகக் கொண்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.) எனவே, காஞ்சியிலிருந்து எவரும் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே மலையில் மாந்தர் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. வந்தவரும் இருந்தவரும் கலந்தே இம்மக்கள் உருவாயினர் எனக் கொள்ளுதல் பொருந்தும். அண்ணன்மார் மலையிலேயே மணம் புரிந்தனர் என்று கதையே கூறுவதும் அதற்கு அரண் செய்கின்றது.

ஆயினும், கதையின் மெய்ம்மையினும் அதன் பயனே பெரிது. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றிற்கு இடையே சமவெளி பரந்து கிடக்கின்றது. சாலையும் வண்டியும் இல்லாத காலத்தில் ஒரு மலையினர் மற்றொரு மலையினரை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிருப்பரா என்பதே ஐயம். கண்ணாற் காணாதவரையும் பங்காளி என்று எண்ணச் செய்தது அக்கதைதான். சேர்வராயன் மலைக்குள்ளும் சேலநாடு, மூகநாடு, முட்டநாடு என்னும் பிரிவுகள் உண்டு. எனினும், மே மாதத்தில் மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் விழா எடுக்கும்போது பட்டிகள் பலவும் அங்குத் திரள்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பெருமை வேறொரு வகையில் தேவைப்பட்டது. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை இங்குப் புகுத்தினார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. மலையை ஆண்டவர் பலர் கூலியாட்களாயினர். நிலம் கைமாறிய இடத்தில், 'நாங்கள் காஞ்சி வேளாளர்' என்னும் சொல் தோட்டத்துரையின் முன்னும் சமவெளி வணிகர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கத் துணை செய்திருக்கும்.

இன்றோ நிலைமை முரணானது. வேளாளர் மரபென்னும் பெருமை ஒருபுறம்; பழங்குடி என்னும் சான்றிதழால் வரும் உரிமை மறுபுறம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பெற்றிருப்பதும் அவ்வுரிமையைச் சார்ந்ததே. இவ்விரண்டையும் ஒருங்கே பேணுவதில் மலைமக்கள் இடர்ப்படவில்லை. இடர்ப்படுபவர் நம்போன்ற ஆய்வாளரே.

இடர் வேறிடத்தில் உள்ளது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மலையாளிகளைப் பழங்குடியாக ஏற்றபோது தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களை மட்டுமே பெயர் சுட்டியது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இடம்பெறவில்லை. 1979இல் அதனின்று பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்றனர். சேலத்தில் வாழும் உறவினர்க்குக் கிடைக்கும் சான்றிதழ் தமக்கும் வேண்டுமென அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர்.