குழந்தைகளின் மூச்சுக்குழாயில் அயற்பொருள்: கண்டறிதலின் வரலாறு

உணவுத் துணுக்கோ விதையோ விளையாட்டுச் சாமானோ குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாயிலோ அதன் கிளைகளிலோ சிக்கிக்கொள்ளும் நிலையை மூச்சுக்குழாய் அயற்பொருள் என்பர். பெரும்பாலும் 3 வயதுக்கு உட்பட்டோரே இதற்கு ஆளாகின்றனர். கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைக்காத வயது அது. கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு ஓடுவதும் சிரிப்பதும் அழுவதும் அந்த வயதின் இயல்பு.

சிக்கும் பொருள்கள்

இந்தியாவில் நிலக்கடலையே முதலிடம் பெறுகிறது. புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பொரிகடலை, பேனா மூடி, விசில், ஊக்கு ஆகியவையும் எடுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் நிலக்கடலை விளையும் பகுதி. அங்குள்ள ஆவூர் போன்ற சிற்றூர்களில் கடலை உடைப்பதும் புளியில் கொட்டை நீக்குவதும் வீட்டு வேலைகள். ஆதலால் ஆபத்தான பொருள் பெரும்பாலும் தவழும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது.

வரலாறு

1816இல் பிரான்சின் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பின், ஒரு பக்க நுரையீரலில் மட்டும் மூச்சொலி குறைவதைக் கேட்டறிய முடிந்தது. ஆயினும் பொருளை வெளியே எடுக்க வழியில்லை. 1843இல் பொறியாளர் புரூனெல் குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது தங்க நாணயம் ஒன்று அவர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. தொண்டையைத் துளைத்து இடுக்கியால் எடுக்க முயன்றும் பலனில்லை. பலகையில் கட்டித் தலைகீழாகக் கவிழ்த்த பின்னரே அது வெளிவந்தது.

1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். நாணயமும் ஊசியும் படத்தில் தெரிந்தன. கடலையும் விதையும் தெரியவில்லை. 1897இல் ஜெர்மனியின் குஸ்தாவ் கில்லியன் ஒரு விவசாயியின் வலது கிளைக்குழாயில் சிக்கிய எலும்பை, வாய்வழியே குழல் செலுத்தி எடுத்தார். பிராங்கோஸ்கோப்பியின் தொடக்கம் அதுவே. அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் குழலின் நுனியில் விளக்குப் பொருத்தி இம்முறையைச் செம்மைப்படுத்தினார். அவர் எடுத்த பொருள்களுள் 2,000க்கும் மேற்பட்டவை பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கடலை அடைப்பதோடு நில்லாமல் மூச்சுக்குழாயின் உட்சுவரை அழற்சியுறச் செய்வதையும் அவர் விளக்கினார்.

எக்ஸ் கதிர்ப் பணிக்கெனச் சென்னையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1966இல் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா வளையும் பிராங்கோஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். எனினும் குழந்தைகளுக்குப் பொருளை எடுக்க, மயக்க மருந்து கொடுத்து, வளையாத குழலையே இன்றும் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அதன் வழியே மூச்சும் கொடுக்கலாம், இடுக்கியும் செலுத்தலாம்.

கண்டறியும் முறை

விளையாடிய குழந்தைக்குத் திடீரெனப் புரையேறி, மூச்சுத் திணறி, முகம் நீலம் பாய்ந்திருந்தால் அதுவே முதன்மையான தடயம். இருமல், இளைப்பு, ஒரு பக்க மூச்சொலிக் குறைவு ஆகிய மூன்றும் எல்லாக் குழந்தைகளிடமும் சேர்ந்து காணப்படுவதில்லை. முதல் திணறல் அடங்கியபின் குழந்தை சில மணி நேரமோ சில நாட்களோ நலமாகத் தோன்றலாம். இந்த இடைவெளியே பெற்றோரையும் மருத்துவரையும் ஏமாற்றுகிறது. பின்னர் வரும் இருமல் ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ கருதப்பட்டு வாரக்கணக்கில் மருந்து தொடர்கிறது.

காற்று உள்ளே போய் வெளியேற முடியாதபோது அந்தப் பக்க நுரையீரல் எக்ஸ்ரேயில் ஊதித் தெரியும். முழு அடைப்பில் சுருங்கித் தெரியும். மூச்சை வெளிவிடும்போது எடுக்கும் படம் இவ்வேறுபாட்டை நன்கு காட்டும். ஐயத்தைத் தெளிவிக்கச் சி.டி. ஸ்கேன் உதவும். எக்ஸ்ரே இயல்பாக இருப்பதாலேயே அயற்பொருள் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. புரையேறிய செய்தி உறுதியாக இருந்தால் பிராங்கோஸ்கோப்பி செய்து பார்ப்பதே முறை. இத்தனை கருவிகள் வந்த பின்னும், உடனிருந்தவர் சொல்லும் செய்தியின் மதிப்பு குறையவில்லை.

முதலுதவியும் தடுப்பும்

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். அதனால் அடைப்பு நீங்காது. குழந்தை பலமாக இருமினால் இருமவிட வேண்டும். குரல் எழாமல் திணறினால், 1 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை தாழக் குப்புறப் பிடித்து முதுகில் 5 முறை தட்டி, பின் மல்லாத்தி நடுமார்பில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விடக் கூடாது. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

4 வயது வரை முழுக் கடலையைக் கொடுக்க வேண்டாம். பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். இருமல் விடாத குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது, என்றோ ஒருநாள் புரையேறியிருந்தால் அதை அவர் கேட்குமுன்னரே சொல்லுங்கள்.