எட்டு விநாடி

1986 மார்ச் 21. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம், டைலர் நகரம். புற்றுநோய் மையத்தில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். முதுகுக் கட்டியை எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அழிப்பதற்காக எலெக்ட்ரான் சிகிச்சை. இது ஒன்பதாவது தடவை. பயம் தெளிந்திருக்கும்.

வெளியே ஆபரேட்டர் பெண்மணி கம்ப்யூட்டரில் மளமளவென்று விவரங்களைத் தட்டுகிறார். எலெக்ட்ரானுக்கு 'இ' அடிக்க வேண்டிய இடத்தில், கை பழக்கத்தில் எக்ஸ்-ரேக்கு உரிய 'எக்ஸ்'! உடனே கவனித்து, திருத்தி, கதிரைப் பாய்ச்சும் பொத்தானையும் அழுத்திவிட்டார். எல்லாம் எட்டு விநாடிக்குள்.

மெஷினின் பெயர் தெரக்-25. கனடா அரசின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த லீனியர் ஆக்ஸலரேட்டர். உள்ளே நடப்பது இதுதான். சூடான இழை ஒன்று எலெக்ட்ரான்களைக் கக்கும். மைக்ரோவேவ் அலைகள் அவற்றைக் குழாய்க்குள் நெட்டித் தள்ளி, கிட்டத்தட்ட ஒளி வேகத்துக்குக் கொண்டுபோகும். காந்தம் அந்தக் கற்றையை நோயாளி பக்கம் வளைத்துவிடும். அப்புறம் இரண்டு வழி. மேலோட்டமான கட்டி என்றால் எலெக்ட்ரானையே பரவலாகத் தூவலாம். ஆழத்தில் இருந்தால், அதை உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்-ரேயாக்கி, சமன்செய்யும் கூம்பு வழியாக அனுப்ப வேண்டும். இதில் ஏகப்பட்ட சேதாரம். அதனால் எக்ஸ்-ரே வேண்டுமென்றால் கற்றை சுமார் நூறு மடங்கு பலமாக வரும்!

தகடு, கூம்பு, தூவும் காந்தம் எல்லாம் ஒரு சுழல் தட்டில். எது தேவையோ அது கதிருக்கு நேராகத் திரும்பும்.

அன்றைக்கு வளைக்கும் காந்தங்கள் தயாராக எட்டு விநாடி எடுத்துக்கொண்டன. இடையில் செய்த திருத்தத்தை சாஃப்ட்வேர் கவனிக்கவில்லை. தட்டு மட்டும் எலெக்ட்ரானுக்குத் திரும்பிவிட்டது. பலம் பழைய எக்ஸ்-ரே கணக்கில். குறுக்கே தகடு இல்லை.

திரையில் 'மால்ஃபங்ஷன் 54'. அதற்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டர் கையேட்டில் இல்லை. போதாக்குறைக்கு, கதிர் குறைவாகப் போயிருப்பதாகத் திரை சொன்னது. இந்த மெஷின் இப்படி அடிக்கடி முரண்டு பிடிக்கும். 'தொடர்க' என்று அழுத்தினார். உள்ளே அந்த மனிதர் ஷாக் அடித்தது போலத் துடித்து எழ முயன்றபோது இரண்டாவது தடவையும் பாய்ந்தது. அன்று பார்த்து வீடியோ இணைப்பு இல்லை, இண்டர்காம் ரிப்பேர். எழுந்து போய்க் கதவைத் தட்டினார். 180 ரேட் போக வேண்டிய இடத்தில் 16,500-க்கும் மேல் போயிருந்தது. ஐந்து மாதத்தில் இறந்தார்.

அளவு மீற வழியே இல்லை என்றது கம்பெனி. ஏப்ரல் 11-ல் அதே அறை, அதே ஆபரேட்டர், அதே 54. அந்த நோயாளி மே 1-ல் போய்விட்டார். இரண்டாவது விபத்து நடந்த கையோடு ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும் அந்தப் பெண்மணியும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்: நிதானமாக அடித்தால் 54 வரவில்லை. வேலை நன்றாகப் பழகியவரின் வேகத்துக்குத்தான் வந்தது!

1985 முதல் 1987 வரை இந்த மாடலில் ஆறு விபத்துகள். முந்தைய தெரக்-20 சாஃப்ட்வேரிலும் இதே தப்பு இருந்தது பின்னால் தெரிந்தது. ஆனால் அதில் சாஃப்ட்வேரை நம்பாத தனிப் பாதுகாப்புச் சுற்றுகள் இருந்தன. செலவும் சிக்கலும் எதற்கு, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று தெரக்-25-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். பழைய மெஷினில் அதே தவறு நேர்ந்தால் ஃப்யூஸ் போகும். வேறு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.