ஒகினாவா நுரைக்கல் பெருக்கும் படகுகளின் கடல்நீர் வடிகட்டியும்

கடல்நீர் வடிகட்டி என்பது எஞ்சினைக் குளிர்விப்பதற்காகப் படகுக்குள் இழுக்கப்படும் கடல்நீரில் வரும் பாசி, சிப்பித் துணுக்கு, பிளாஸ்டிக் உறை போன்றவற்றைத் தடுக்கும் கூடை வடிவச் சல்லடை. படகில் மிக மலிவான உறுப்புகளுள் ஒன்று. படகு வரலாறுகளில் இதற்குத் தனி இடம் தரப்படுவதில்லை. ஆனால் 2021 அக்டோபரில் ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் மீனவர்கள் கடலுக்குப் போக முடியுமா என்பது இந்தச் சல்லடையைப் பொறுத்ததாக ஆனது. கடலடி எரிமலை ஒன்று கக்கிய நுரைக்கற்கள் மிதந்து வந்து துறைமுகங்களை நிறைத்ததே காரணம்.

கடலைக் குடிக்கும் எஞ்சின்

பாய்மரப் படகும் துடுப்புப் படகும் கடலின் மேல் செல்பவை. கடல்நீரை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. நீராவிக் கப்பலோடு அந்த நிலை மாறியது. தொடக்கக் கால நீராவிக் கப்பல்கள் கொதிகலனுக்கே கடல்நீரைப் பயன்படுத்தின. உப்பு படிந்து கெட்டியாவதைத் தடுக்க, உப்பேறிய நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டியிருந்தது. 1834-இல் ஆங்கிலேயப் பொறியாளர் சாமுவேல் ஹால் காப்புரிமை பெற்ற கண்டென்சரில் நீராவியும் கடல்நீரும் கலப்பதில்லை. குழாய்ச் சுவரின் ஒரு பக்கம் நீராவி, மறுபக்கம் குளிர்ந்த கடல்நீர். 1838-இல் அட்லாண்டிக்கைக் கடந்த சிரியஸ் கப்பலில் இந்த அமைப்பு இருந்தது. கொதிகலனுக்கு நன்னீர் கிடைத்தது. ஆனால் கண்டென்சருக்குள் கடல்நீர் தடையின்றி ஓடியாக வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. கப்பலின் அடியில் நீர் நுழையும் வாயில் கம்பிச்சட்டமும், அதற்குப் பின் வடிகட்டியும் அதற்கு உதவுபவை.

ஜப்பானில் எஞ்சின் பொருத்திய முதல் மீன்பிடிக் கப்பலாகக் கருதப்படுவது 1906-இல் ஷிசுவோகாவில் கட்டப்பட்ட ஃபுஜி மாரு. 1933-இல் யான்மார் நிறுவனம் சிறிய டீசல் எஞ்சினை உருவாக்கிய பின், சிறு படகுகளும் படிப்படியாக டீசலுக்கு மாறின. ஒகினாவாவின் சபானி என்ற மரபான மரப்படகு பாயிலும் துடுப்பிலும் ஓடியது. அதிலும் பின்னாளில் எஞ்சின் ஏறியது. படகு வேகமெடுத்தது. கடலையும் குடிக்கத் தொடங்கியது.

நீர் செல்லும் வழி

இன்றைய சிறு டீசல் படகில், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளை வழியாகக் கடல்நீர் நுழைகிறது. அடைப்பு வால்வைக் கடந்து வடிகட்டிக்கு வருகிறது. அடுத்துள்ள பம்பில் இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சிறகுச் சக்கரம் சுழன்று நீரை வெப்பப் பரிமாற்றிக்குத் தள்ளுகிறது. எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டை அங்கே வாங்கிக்கொண்ட கடல்நீர், பல படகுகளில் புகையோடு கலந்து வெளியேறுகிறது. புகைக்குழாயில் நீர் விழுகிறதா என்று மீனவர் எட்டிப் பார்ப்பது இதனால்தான். வடிகட்டி அடைபட்டால் அந்த நீர் மெலிகிறது, எஞ்சின் சூடேறுகிறது. நீரில்லாமல் சுழலும் ரப்பர்ச் சிறகுகள் சிறிது நேரத்திலேயே கிழிந்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, வால்வை மூடி, வடிகட்டியின் மூடியைத் திறந்து, கூடையை எடுத்துக் கழுவ வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைச் சரிபார்த்து மூடி, வால்வைத் திறந்து, எஞ்சினை ஓட்டி, வெளியேறும் நீரைப் பார்க்க வேண்டும். வால்வைத் திறக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. அமைதியான துறைமுகத்தில் சில நிமிட வேலை.

முன்பு வந்த கற்கள்

ஒகினாவாவுக்கு நுரைக்கல் புதிதல்ல. எரிமலைக் குழம்பு வாயுக்குமிழ்களோடு உறைந்து உருவாகும் இந்தக் கல் நீரில் மிதக்கும். 1924 அக்டோபர் இறுதியில் இரியோமோதே தீவுக்கு வடக்கே கடலடியில் வெடித்த எரிமலையின் கற்கள், நீரோட்டங்களில் ஏறி ஹொக்கைடோ வரை பரவின. 1986 ஜனவரியில் ஒகாசவாரா தீவுகளின் தெற்கே உள்ள ஃபுகுடோகு ஒகானோபா என்ற கடலடி எரிமலை வெடித்தபோது, அதன் கற்கள் நான்கு மாதம் மிதந்து மே இறுதியில் ஒகினாவா பக்கம் ஒதுங்கின. அப்போது வந்த அளவு குறைவு.

2021

2021 ஆகஸ்ட் 13 அன்று அதே எரிமலை மீண்டும் வெடித்தது. புகைத்தூண் சுமார் 16 கி.மீ. உயரம் எழுந்தது. ஆளில்லாக் கடலில் நிகழ்ந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கற்கள் ஆயிரம் கி.மீ.க்கும் மேல் மேற்கே மிதந்து, அக்டோபர் தொடக்கத்தில் தைதோ தீவுகளையும், மாத நடுவில் ஒகினாவா, அமாமி தீவுகளையும் அடைந்தன. ஒகினாவாவின் வடக்கே குனிகாமி கிராமத்தின் ஹென்தோனா துறைமுகம் சாம்பல் நிறத் தரைபோல் ஆனது. அங்கே கூண்டில் வைத்திருந்த குருகுன் மீன்கள் (இது ஒகினாவாவின் மாநில மீன்) கற்களை இரையென்று விழுங்கி இறந்தன.

படகுகளுக்கு வந்த இடர் இருவகை. பெரிய கற்கள் வடிகட்டியை அடைத்தன. சல்லடைக் கண்ணைவிடச் சிறிய துகள்கள் உள்ளே புகுந்தன. நுரைக்கல் தேய்க்கும் தன்மை உடையது. குளிக்கும்போது பாதம் தேய்க்கும் கல் இதுவே. அது இம்பெல்லரை அரித்தது, வெப்பப் பரிமாற்றியின் குழாய்களில் தங்கியது. சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் துகள் நிற்கும். ஆனால் வடிகட்டி இன்னும் விரைவில் அடைபடும். இந்த இக்கட்டுக்கு முழுத் தீர்வு இல்லை. பம்புக்கு முன் இன்னொரு பெரிய வடிகட்டியைச் சேர்த்து அடைபடும் நேரத்தைத் தள்ளிப்போடுவதே நடைமுறையில் செய்யக்கூடியது.

துறைமுகத்தில் எளிதான சுத்தம் செய்யும் வேலை கற்களின் நடுவே ஆபத்தாகிறது. கூடையைக் கழுவ எஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் படகு காற்றும் அலையும் தள்ளும் பக்கம் போகும். கழுவி முடித்து எஞ்சினை ஓட்டியதும் அதே கற்களே மறுபடி உள்ளே வரும். பெரிய கப்பலில் இந்த நெருக்கடி குறைவு. அங்கே இரட்டை வடிகட்டி இருக்கும். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் நீர் ஓடும். மேலும் கப்பலுக்கு நீர்வாய் இரண்டு: ஆழமற்ற இடத்தில் சேற்றைத் தவிர்க்க மேல்வாய், ஆழ்கடலில் கீழ்வாய். நுரைக்கல் பெரும்பாலும் மேற்பரப்பில் மிதப்பதால் கீழ்வாய் அதற்குத் தப்பிவிடும். சிறு மீன்பிடிப் படகின் ஒரே நீர்வாய் மேற்பரப்புக்கு மிக அருகில், கற்கள் மிதக்கும் இடத்திலேயே இருக்கிறது. பேரிடரின் சுமை சிறு படகுக்காரர் மீதே அதிகம் விழுந்ததற்கு இந்தச் சில அடி ஆழ வேறுபாடு முக்கியக் காரணம்.

பலர் கடலுக்குப் போகாமல் இருந்தனர். சில தீவுகளுக்கான படகுப் போக்குவரத்தும் நிறுத்தப்பட்டது. எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் மிதவை வேலிகள் துறைமுக வாயில்களில் கட்டப்பட்டன. மண்வெட்டி இயந்திரங்களால் கற்களை அள்ளிக் கரையில் குவித்தனர். ஆனால் ஒரு காற்று திரும்பினால் அள்ளிய இடம் மறுநாளே நிரம்பியது. அள்ளிய கற்களில் கடல் உப்பு ஊறியிருந்ததால் உடனே வயலில் கொட்டவும் முடியவில்லை.

வெடிப்பில் கடலுக்கு மேலே எழுந்த புதிய தீவு அந்த ஆண்டு முடிவதற்குள் அலைகளால் அரிக்கப்பட்டு மறைந்தது. கற்களில் ஒரு பகுதி குரோஷியோ நீரோட்டத்தில் ஏறி வடகிழக்கே சென்று, நவம்பரில் டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள இசு தீவுகளை அடைந்தது. அங்கும் படகுக்காரர்கள் வடிகட்டிக் கூடைகளைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.