கிறிஸ்தவ மணமுறிவுச் சட்டமும் பெண்களும் (1869–2001)

திருச்சபை வரலாறு எழுதுவோர் மிஷனெரிகளின் வருகையையும், பள்ளிகளும் மருத்துவமனைகளும் தோன்றியதையும், சபைகளின் ஐக்கியத்தையும் விரிவாக எழுதுவது வழக்கம். ஆனால் இந்நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களை 132 ஆண்டுகள் திருத்தமின்றி ஆண்ட ஒரு சட்டப்பிரிவு அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தின் பத்தாம் பிரிவே அது. அதனை வழக்கறிஞர்களின் பொருளென்று ஒதுக்கிவிடுதல் சரியன்று. சபையின் பீடத்தின் முன்பாக இணைக்கப்பட்ட பெண்கள், வீட்டில் அடியுண்டு ஆயரிடம் வந்தபொழுது, அவர்களுக்கு எது கூடும், எது கூடாது என்பதைத் தீர்மானித்தது அப்பிரிவே.

சென்னைக்கு மேற்கேயுள்ள பூந்தமல்லியை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஆங்கிலேயப் படையினர் தங்கிச் சென்ற இராணுவ நிலையமாயிருந்தது. மணமுறிவுச் சட்டம் முதன்மையாக இத்தகைய ஐரோப்பியக் குடும்பங்களை மனத்திற்கொண்டே இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1857இல் நிறைவேறிய திருமண வழக்குச் சட்டத்தையொட்டி, சர் ஹென்றி மேய்ன் வைஸ்ராயின் அவையில் சட்ட உறுப்பினராயிருந்த காலத்தில் அது உருவாயிற்று. எனினும் அது கிறிஸ்தவ மார்க்கத்தைச் சேர்ந்த யாவருக்கும் உரியதாக்கப்பட்டமையால், படைவீரனின் மனைவிக்கும், அவ்வூரையடுத்த சிற்றூர்களின் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வாய்த்தது.

அந்த அளவுகோல் யாது? மனைவி விபசாரம் செய்தாள் என்று மெய்ப்பித்தால் கணவன் விடுதலை பெறலாம், வேறொன்றும் தேவையில்லை. மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அது முறைதகா உறவினளோடு நிகழ்ந்ததாகவோ, வேறொருத்தியை மணந்ததோடு சேர்ந்ததாகவோ, கொடுமையோடு சேர்ந்ததாகவோ, ஈராண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டதோடு சேர்ந்ததாகவோ இருத்தல் வேண்டும். கொடுமை மட்டும் நிகழ்ந்திருப்பின், அஃது எத்துணைக் கடுமையானதாயினும், நீதிமன்றம் பிரிந்து வாழ அனுமதி அளிக்குமேயன்றித் திருமணக் கட்டை அவிழ்க்காது. உயிருக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடிவந்தவள், கணவன் வேறொருத்தியோடும் உறவுகொண்டிருந்தான் என்பதற்குச் சாட்சி தேடவேண்டியவளானாள்.

இதனோடு முடியவில்லை. 1980களில் பூந்தமல்லி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மாவட்ட நீதிபதி மணமுறிவுத் தீர்ப்பு அளித்தாலும், பதினேழாம் பிரிவின்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதனை உறுதிசெய்தாலன்றி அது நிலைபெறாது. வழக்கு நடக்குங்கால் மனைவி பெறும் ஜீவனாம்சம் கணவனின் வருமானத்தில் ஐந்திலொரு பங்கை மிஞ்சலாகாது. ஏழைப் பெண்ணுக்கு இவ்வழி திறந்திருந்தது என்று சொல்வது ஏட்டளவிலேயே உண்மை.

இவ்வேற்றத்தாழ்வு கிறிஸ்தவப் போதனையிலிருந்து வந்ததென்று பலர் கருதினர். அஃது ஆராயத்தக்கது. மாற்கு 10:11, 12 வசனங்களில் ஆண்மகனின் செயலும் பெண்ணின் செயலும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. சீர்திருத்தக் காலத்தில் ஜெனீவா நகரின் திருமண விதிகள், கணவனின் விபசாரத்தைக் காரணம் காட்டி மனைவியும் விடுதலை கேட்கலாமென்று அனுமதித்தன. ஆகவே 1857ஆம் ஆண்டின் ஏற்பாடு கல்வீனிடமிருந்து வந்ததன்று. மனைவி பிழைத்தால் பிறர் பிள்ளை குடும்பச் சொத்துக்கு வாரிசாகிவிடும் என்னும் சொத்துடையோர் அச்சமே அதன் வேர். இங்கிலாந்தே 1923இல் இவ்வேற்றுமையை நீக்கிவிட்டது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கோ அது வேதவாக்கியம்போல் நின்றது!

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் இக்கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்தின்முன் வந்தது. 1953இல் நீதிபதி பஞ்சாபகேச ஐயர், பத்தாம் பிரிவு பால்வேற்றுமையை மட்டும் அடிப்படையாகக் கொண்டதன்று என்றும், தவறும் மனைவி பெறும் பிள்ளை கணவனின் பிள்ளையாகக் கருதப்படும் நிலையிருப்பதால் அவ்வகைப்பாடு நியாயமானதே என்றும் தீர்ப்பளித்தார். இங்கிலாந்து கைவிட்டு முப்பது ஆண்டுகள் கழித்து, அதே பழைய வாதம் சென்னையில் புத்துயிர் பெற்றது. நீதிபதியை மட்டும் குறைகூறுதல் எளிது. இத்தீர்ப்பைக் கண்டு திருச்சபைகள் கலங்கினவா என்பதே நம்மைக் குடையவேண்டிய கேள்வி.

சட்ட ஆணையம் 1960இல் தன் பதினைந்தாம் அறிக்கையில் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் முழுவதையும் புதுப்பிக்கப் பரிந்துரைத்தது. அதனையொட்டி வரையப்பட்ட மசோதா சட்டமாகாமலே போயிற்று. கிறிஸ்தவர்களிடையே கருத்தொற்றுமை இல்லையென்பது அரசாங்கத்திற்கு வசதியான சமாதானமாயிற்று. அச்சமாதானத்தை அதன் கையில் கொடுத்தவர்கள் நாமே. மணமுறிவை எளிதாக்கினால் திருமணத்தின் புனிதம் குலையும் என்ற அச்சம் உண்மையானதே. ஆயினும் கணவனுக்கு மட்டும் எளிதான வாயிலை வைத்திருந்த சட்டம் எந்தப் புனிதத்தைக் காத்தது? 1976இல் இந்துத் திருமணச் சட்டம் திருத்தப்பட்டு, கொடுமை மட்டுமே மணமுறிவுக்குப் போதிய காரணமாயிற்று. ஒரே தெருவில், இந்துப் பெண்ணுக்குக் கிட்டியது அண்டைவீட்டுக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் கிட்டவில்லை.

1983இல் சட்ட ஆணையம் பத்தாம் பிரிவுக்கென்றே தொண்ணூறாம் அறிக்கையை வெளியிட்டது. 1985இல் மேகாலயாவின் காசி இனத்தைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன் பெண்மணி ஒருவரின் வழக்கு உச்சநீதிமன்றத்திற்கு வந்தது. கணவனின் கொடுமை மெய்ப்பிக்கப்பட்டும், பிரிந்து வாழும் அனுமதிக்குமேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டத்தைச் சீர்திருத்தவேண்டிய அவசியத்தை நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு கடிந்துரைத்தது. அதே காலத்தில் டில்லியிலிருந்து ஜோத்ஸ்னா சாட்டர்ஜியின் தலைமையில் இயங்கிய ஜாயின்ட் விமன்ஸ் புரோகிராம் போன்ற அமைப்புகள், சபைத் தலைவர்களையும் வழக்கறிஞர்களையும் ஒருங்கே அமர்த்திப் புதிய மசோதாக்களை உருவாக்க உழைத்தன. பொறுமை மிகுந்த, புகழற்ற வேலை அது.

1995 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, விபசாரத்தோடு சேர்ந்திருக்கவேண்டும் என்னும் சொற்களைப் பத்தாம் பிரிவிலிருந்து நீக்கி, கொடுமையோ கைவிடலோ தனியே போதுமென்றது. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் இவ்வழியே சென்றது. இறுதியில் பாராளுமன்றம் 2001இல் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காரணங்கள் இருபாலார்க்கும் பொதுவாயின. மூன்று நீதிபதிகளின் உறுதிப்பாடு ஒழிந்தது. ஐந்திலொரு பங்கு வரம்பும் மறைந்தது. இருவரும் இசைந்து பிரிய ஈராண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும் என்று புதிதாகச் சேர்க்கப்பட்ட விதியில் மட்டும் பழைய கண்டிப்பின் சாயல் எஞ்சியது. பிற சமயத்தாருக்கு ஓராண்டே இருக்க இது தகாதென்று 2010இல் கேரள உயர்நீதிமன்றம் அதனையும் ஓராண்டாகக் குறைத்தது.

மணமுறிவும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதை ஆயர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் எல்லாச் சமயப் பெண்களுக்கும் உரியது. மணமுறிவு கேளாமலே, குற்றவியல் நடுவர் மன்றத்தின் வாயிலாகப் பாதுகாப்பு ஆணையும், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையும் பெறலாம். பாதுகாப்பு அலுவலர் மனு எழுதவும் உதவுவார். 1997இலிருந்து திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த பூந்தமல்லியில், இன்று ஒரு பெண் இரவில் ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டினால், பொறுத்துப்போ என்று ஜெபித்தனுப்புவதற்கும் மணத்தை முறித்துக்கொள் என்பதற்கும் இடையே, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் அவளை அழைத்துச் செல்லும் வழியும் இருக்கிறது.