இராவணேசனை ஆக்கிய கைகள்

திருக்கேதீஸ்வரம் இருக்கிற மாதோட்டம்தான் மண்டோதரியின் ஊர் என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். அவளுடைய கணவனைப் பற்றிய கூத்து ஒன்று 1964இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உருவானது. பெயர் 'இராவணேசன்'.

அதை ஒருவர் தனியே செய்யவில்லை. பிரதி, அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுருவுடையது, இராவணனாக ஆடியதும் அவரே. நெறிப்படுத்தியவர் சு. வித்தியானந்தன். ஆட்டமும் தாளமும் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் சொத்து. அதே வளாகத்துச் சரச்சந்திரவின் 'மனமே' (1956) கொடுத்த உற்சாகமும் இருந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடுவதைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார்கள்; இராவணனைத் துன்பியல் நாயகனாக்கினார்கள்.

வித்தியானந்தன் எங்கள் மன்னார்க் கூத்துகள் சிலவற்றையும் அச்சேற்றினார். பாட்டு பிழைத்தது. மெட்டையும் மத்தள அடியையும் அச்சிலா தேடுவது? தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் நாங்கள் அண்ணாவிமாரிடம்தான் போக வேண்டும். அவர்களுக்கும் வயது போய்விட்டது.