உபதேசியார் போதகரானது

பொன்னேரிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் கூடுகின்ற பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக் குடியிருந்த காலத்தில், அவர்களுடைய சபைக்குக் குருமார் கப்பலேறி வரவேண்டியிருந்தது. இந்நாட்டவரையே போதகராக்க வேண்டுமென்னும் எண்ணம் புராட்டஸ்டண்டு சபையாரிடையே உருக்கொண்டது, தெற்கே தரங்கம்பாடியில்தான். அங்கே 1706-இல் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, தமிழை ஆர்வத்தோடு கற்று, 1716-இல் எட்டு மாணவரைக் கொண்டு பயிற்சிப் பள்ளியொன்றை ஸ்தாபித்தார். அதன் முழுப் பலனைக் காணாமலே 1719-இல் மறைந்தார் என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

அவர் மறைந்த பின்னரே அந்த எண்ணம் கைகூடியது. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், பள்ளி ஆசிரியராகவும், ஊர் ஊராக நடந்து வேதம் சொன்ன உபதேசியாராகவும் உழைத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார். ஏட்டுக் கல்வியைக் காட்டிலும் அந்த நெடிய நடையே அவரைப் போதகராக்கிற்று என்பது என் துணிபு. நோயாளியின் திண்ணையிலும் துக்கவீட்டின் முற்றத்திலும் கற்றதை எந்தப் பள்ளி கற்பிக்கும்? அவரைத் தொடர்ந்து 1741-இல் தியோகு என்பவர் குருவாக அபிஷேகம் பெற்றார்.