புகை காட்டாத எஞ்சின்

முதலாம் உலகப் போர் பிரான்சு நாட்டிற் கடுமையாக நடந்த காலம். குண்டுவீச்சினாற் பாதைகள் சேறாகிவிட்டன; லொறிகள் புதைந்தன. ஆகவே பிரித்தானியப் படையினர், இடைவெளி 60 சென்ரிமீற்றரே கொண்ட சிறு தண்டவாளங்களை அமைத்து, வெடிபொருளையும் உணவையும் போர்முனைக்கு அனுப்பலாயினர். ஆயின் நீராவி எஞ்சின் தன் இருப்பிடத்தைத் தானே பகைவனுக்குக் காட்டிக்கொடுத்தது: பகலிற் புகை, இரவில் உலைத்தீயின் ஒளி.

இக்குறையை நீக்கியது பெற்றோல் எஞ்சின். இங்கிலாந்தின் பெட்போர்ட் நகரில் ஆக்கப்பட்ட ‘சிம்பிளெக்ஸ்’ வகையிற் சிறியது, 20 குதிரைவலு உடையது; நிறை ஏறக்குறைய இரண்டரைத் தொன். முன்னோக்கியும் பின்னோக்கியும் அது ஒரே வேகத்திற் செல்லும். சாரதி பக்கவாட்டில் அமர்ந்திருந்தமையால், எஞ்சினைத் திருப்பாமலே இரு திசையையும் நோக்கினார். நீராவி எஞ்சின்கள் பின்னே நின்றுவிட, போர்முனையை அடுத்த இறுதி மைல்களைப் பெற்றோல் எஞ்சின்களே கடந்தன. திரும்புகையிற் காயமுற்றோரைச் சுமந்து வந்தன.

1918இற் போர் ஓய்ந்தது. படையினர் விற்ற எஞ்சின்களைச் செங்கற் சூளைக்காரரும் கற்சுரங்கத்தாரும் வாங்கினர். கொதிகலன் சூடேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இயக்குவதற்கு ஒருவரே போதும். போர்முனைக்குக் குண்டு சுமந்த எஞ்சின், மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் செங்கல் சுமக்கலாயிற்று.